முகூர்த்தமும் ஓசோன் காலமும்

எங்கள் வீட்டுச் சுவர்த் திரையில் ஓடும் தினக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், குளிகைக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருக்கும்: ஓசோன் காலம், அதாவது அன்று தரைக்காற்றில் ஓசோன் நச்சு ஏறும் நேரம். முதல் மூன்றையும் யார் கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான்காவதைப் போடுகிறவள் நான்தான். சென்னைக் காற்று மையத்தில் எனக்கு அதுதான் உத்தியோகம். அதனால் என் கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்று அம்மா கேட்ட கேள்வியை முழு அபத்தம் என்று தள்ளிவிட முடியாது.

"ஏண்டி முகிலா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓசோன் காலத்தைச் சாயந்திரத்துக்குத் தள்ளி வெக்க முடியாதா?"

"அம்மா, அதை நான் வெக்கல. வெயில் வெக்குது."

"பொல்லாத வெயில்! பெத்த பொண்ணு ஆபீசரா இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்? ரேஷன் கடையில வேலை செய்யறவன்கூட வீட்டுக்கு நாலு கிலோ கூடக் கொண்டு வர்றான்."

வைகாசி ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். அந்த மாதத்திலேயே பெரிய முகூர்த்த நாள் என்பதால் சென்னையில் ஒரு மண்டபம்கூடக் காலி இல்லை. தண்டையார்பேட்டையில் கடலை ஒட்டி இருந்த கனகவல்லி திருமண மாளிகை எங்களுக்குக் கிடைத்ததே லோகேஷ் மாமா மேனேஜரிடம் தொங்கியதால்தான்.

மண்டபம் கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மண்டபத்து வாசலிலும் காற்று மையம் ஒரு கம்பம் நட்டிருக்கிறது. அதன் உச்சியில் காற்றை முகர்ந்து பார்க்கும் கருவி. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் மூக்கு. மூக்கு பச்சையாக இருந்தால் கல்யாணம் நடக்கலாம். சிவந்துவிட்டால் ஹோமத்தை அணைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, மறுபடி பச்சையாகும்வரை உள்ளேயே கிடக்க வேண்டும். சட்டம் கறாரானது. எத்தனையோ மாப்பிள்ளைகள் கையில் தாலியோடு சிவப்பு விளக்கைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதனால் கல்யாண வீட்டார் மூக்குக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டிவிடுவது வழக்கம். மாலையைக் கழற்றச் சொல்லி நாங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளை ஒருவரும் மதித்ததில்லை.

லோகேஷ் மாமா அம்மாவின் தம்பி. அந்தக் காலத்துப் பெயர். என் அம்மா பெயர் ஹர்ஷினி. அவர்கள் தலைமுறையில் எல்லோருக்குமே இப்படிக் கிழட்டுப் பெயராகத்தான் இருக்கும். தாய்மாமன் என்ற பதவியை மாமா முதலமைச்சர் பதவிக்கு ஒரு படி மேலே வைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஓசோன் நல்லதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. மேல ஓட்டை வுழுந்துருச்சுன்னு அழுதாங்க. இப்ப கீழ வந்துருச்சுன்னு நீங்க அழறீங்க. உங்களுக்கு இன்னாதாம்மா வேணும்?"

"கூரை மேல இருந்தா நல்லது மாமா. தலையில விழுந்தா?"

"அது சரி. வண்டியெல்லாம் கரண்ட்டுல ஓடுது. புகையே இல்ல. அப்புறம் எங்கேர்ந்து வருது?"

"சோறு பொங்க அரிசியும் வேணும், அடுப்பும் வேணும் இல்லையா? தொழிற்சாலைப் புகை, பெயிண்ட் ஆவி, துறைமுகத்துல கப்பல் விடற புகை, இதெல்லாம் அரிசி. வெயில்தான் அடுப்பு. அரிசியை நாம குறைச்சுட்டோம். ஆனா அடுப்பை ஏத்தி விட்டுட்டோம். முன்னல்லாம் கத்திரி வைகாசியோட முடிஞ்சுருமாம். இப்ப மாசியில பிடிச்சா ஆவணி வரைக்கும் விடுதா? எரியற எரிச்சல்ல கொஞ்ச அரிசியே பொங்கி வழியுது."

மாமா அப்பளத்தை நொறுக்கினார். "அப்ப எண்ணூர் ரோட்டுல அந்தப் பழைய டீசல் லாரிங்க நிக்கற எடத்துல மட்டும் உங்க மூக்கு எப்பவும் பச்சையாவே கீதே, அது எப்படி?"

கேள்வி நல்ல கேள்வி. அதனால் ஏமாந்துவிட்டேன்.

"டீசல் புகையில புதுசா வர்ற வாயு, பக்கத்துல இருக்கற ஓசோனைத் தின்னுடும். அந்த இடத்துல மட்டும் குறைஞ்ச மாதிரி தெரியும். ஆனா அந்தப் புகை அதோட சும்மா போகாது மாமா. காத்தோட போயி, வெயில்ல வெந்து, போற எடத்துல..."

"அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து," என்றார் மாமா.

எந்த விஷயத்திலும் மாமாவுக்கு முதல் பாதிதான் காதில் விழும்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. நன்மாறன் அம்பத்தூரில் முகமூடிகளுக்கு வடிகட்டி மாற்றித் தரும் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டிய வடிகட்டியை நான் மாதத்துக்கு இரண்டு முறை மாற்றப் போனேன். மிச்சம் உங்களுக்கே புரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், அவனைவிட எனக்கு முதலில் பிடித்துப்போனது அவனுடைய அம்மாவைத்தான். தர்ஷினி அத்தை போக்குவரத்துப் போலீசில் இருந்தவர். மின்ட் முனையில் இருபத்தெட்டு வருஷம் வெயிலில் நின்று கை காட்டியவர். பாதி நுரையீரலை அந்த முனையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். கழுத்தில் தாலிச் சரடோடு சேர்த்து ஒரு விசிலும் தொங்கும்.

பெண் பார்க்க வந்த அன்று, "இதை ஊதுவீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

வாயில் வைத்து ஊதிக் காட்டினார். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. இரண்டு மாடி ஏறியவர் மாதிரி மூச்சு வாங்கியது.

"மூணு வருஷமாச்சு சத்தம் வந்து. ஒரு காலத்துல இதை ஊதினா மந்திரி காரே நிக்கும். இப்ப எங்க வூட்டுக்காரர்கூட நிக்கறதில்ல," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மூச்சை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து வாசலில் இறங்கியதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. 'வருக வருக' பலகைக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று அதிர்ந்தது. செவ்வந்தி மாலை போட்டு, பிள்ளையார் படம் மாட்டி, பட்டுத் துணி போர்த்தி ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர். புகைபோக்கி நேராக மூக்கைப் பார்த்திருந்தது.

"மாமா!"

"கத்தாதம்மா. கல்யாணப் பொண்ணு கத்தக் கூடாது. கரண்ட்டு போனா அவசரத்துக்குன்னு பர்மிட் வாங்கித்தான் கொண்டாந்தேன். தாலி ஏறுற வரைக்கும்தான்."

"கரண்ட்டு எங்க போச்சு?"

"போனா?"

அந்த நேரம் பார்த்துக் கம்பத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். வாழைமரத்துக்குப் பின்னால் என் வருங்கால மாமனார் சஞ்சய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டீசல் பம்ப் செட்டுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். மாமாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களுமா சம்பந்தி?"

"பையன் கல்யாணமாச்சே. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எங்க முகிலாதான். நான் என் தோஸ்த்து ஒருத்தன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"எனக்கு அவரு மச்சான் சொன்னாரு. ரகசியம், யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு."

இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அவ்வளவு ஒற்றுமை நான் பார்த்ததில்லை. மண்டபத்து மேனேஜர் கொல்லைப்புறத்தில் மூன்றாவதாக ஒரு இயந்திரத்தை ஓடவிட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தப் புகையில் எங்கள் மூக்கு, மஞ்சளும் குங்குமமுமாக, அம்மன் மாதிரி பச்சைப்பசேலென்று ஜொலித்தது.

நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் கல்யாணம் நடக்க வேண்டியிருந்தது. ஒரு ஜெனரேட்டரால் ஊர் கெட்டா போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அலங்காரத்துக்குப் போய்விட்டேன்.

மணையில் உட்கார்ந்தாயிற்று. புரோகிதருக்கு அதே முகூர்த்தத்தில் இன்னும் இரண்டு கல்யாணம் இருந்ததால் மந்திரம் ரயில் வேகத்தில் போனது. இடுப்பில் செருகியிருந்த போன் துடித்தது. மையத்தில் அன்று பணியிலிருந்த எஸ்தர். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள், லேசில் பயப்படாதவள். மாலையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்து காதில் வைத்தேன்.

"முகி, மன்னிச்சுக்கோடி, மணையில இருப்ப. ஒரே ஒரு கேள்வி. இன்னிக்கு ஊரே பச்சை. வாழ்க்கையில இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்ல. மண்டபத்து மூக்கு ஒவ்வொண்ணும் பச்சை. ஆனா காசிமேட்டுக்கு வெளிய கடல்ல காத்தை அளந்துக்கிட்டு மிதக்குதே நம்ம மிதவை, அது மட்டும் கன்னாபின்னான்னு ஏறிக்கிட்டே போகுது. மெஷின் அது பழுதுங்குது. அணைச்சுடட்டுமா?"

எங்கள் மையத்து இயந்திரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. ஊரே ஒன்று சொல்லி ஒருவன் மட்டும் வேறு சொன்னால் அந்த ஒருவனுக்குத்தான் பைத்தியம். அந்தக் கொள்கையை மீற வேண்டுமானால் பணியிலிருப்பவரோடு இன்னொரு அதிகாரியும் சேர்ந்து சொல்ல வேண்டும். அந்த இன்னொருத்தி இங்கே கூரைப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு மண்டபத்து மூக்கும் பச்சை. அப்படியானால் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு லோகேஷ் மாமா. ஒவ்வொரு மாமாவும் ஒரே ஒரு தோழனிடம் மட்டும் சொன்ன ரகசியம். காலையிலிருந்து அத்தனை புகையும் நிலக்காற்றோடு கடலுக்குப் போயிருக்கிறது. கடல் மேலே நிழல் இல்லை, மரம் இல்லை, உச்சி வெயில் மட்டும்தான். அங்கே அது வெந்துகொண்டிருக்கிறது. இனிமேல் கடல்காற்று திரும்பும்.

"போனை வெச்சுட்டுக் கையை நீட்டுங்கோ," என்றார் புரோகிதர்.

"என்னாச்சு?" என்று பக்கத்திலிருந்து நன்மாறன் கேட்டான்.

சொன்னேன். நாலு வார்த்தைதான். அவன் முகம் மாறியது. சபையில் தேடினான். "அம்மா எங்க?"

அத்தை சபையில் இல்லை. மாடி வராண்டாவில், கடலைப் பார்த்த பக்கம், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லையாம். சென்னைக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் கடல்காற்றுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

மிதவை பழுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு நிமிஷத்தில் தாலி ஏறிவிடும். மிதவை சரி என்றால், மூக்குகள் ஏன் பொய் சொல்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமா மாட்டுவார், மாமனார் மாட்டுவார், என் கல்யாணம் நிற்கும். என் கல்யாணம் மட்டுமா, ஊர் முழுக்க அத்தனை கல்யாணமும்.

நன்மாறன் என்னைப் பார்த்தான். "சொல்லிடு," என்றான்.

புரோகிதர் விரலை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டி..."

"நிறுத்துங்க!" என்றேன்.

எங்கள் வம்சத்தில் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி யார் யாரோ வந்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணே சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"எஸ்தர், மிதவை சரியாத்தான் சொல்லுது. மூக்குதான் எல்லாம் பொய். எல்லா மண்டபத்துலயும் கம்பத்தடியில டீசல் ஜெனரேட்டர் ஓடுது. கடற்கரை முழுக்கச் சிவப்பு போடு. இப்பவே!"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"எங்க மாமா வெச்சிருக்கார்."

மாமா அங்கேயே ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் மணையிலிருந்து குதித்து மாடிக்கு ஓடினேன். மாலை ஒரு பக்கம், நெற்றிச்சுட்டி ஒரு பக்கம். பின்னால் பட்டு வேட்டி தடுக்க நன்மாறன். வராண்டாவை அடைந்தபோது முதல் காற்று வந்துவிட்டது. கீழே தெருவில் யாரோ, "அப்பாடா, கடல்காத்து வந்துருச்சுடா!" என்று சந்தோஷமாகக் கத்தினான். அத்தை கண்ணை மூடி அந்தக் காற்றை ஆசையாக ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான், மார்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். நன்மாறன் முகமூடியை மாட்டிவிட்டான். அப்போதுதான் ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

ஒலிபெருக்கியில் எஸ்தரின் குரல் தெளிவாக வந்தது. கல்யாண மண்டபங்களில் ஜெனரேட்டர் வைத்து மூக்கை ஏமாற்றியிருக்கிறார்கள், அந்தப் புகை கடலில் ஓசோனாகித் திரும்பி வருகிறது, யாரும் வெளியே வராதீர்கள் என்றாள். சென்னை முழுவதும் அந்த நிமிஷத்தில் எத்தனை தாய்மாமன்கள் தூணுக்குப் பின்னால் போனார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அதன்பின் சாயங்காலம் வரை நாங்கள் அனுபவித்ததை எதிரிக்கும் விதிக்க வேண்டாம். மூடிய மண்டபம். இரண்டு வீட்டுச் சொந்தபந்தமும் உள்ளே. தாலி ஏறாததால் இன்னும் சம்பந்தி ஆகாத சம்பந்திகள். ஜன்னல் இடுக்கில் எப்படியோ நுழைந்த காற்றில் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஆளாளுக்கு இருமல். தாலி கட்டாமல் பந்தி போடலாமா கூடாதா என்று ஒரு சண்டை. "கட்டற வரைக்கும் சாம்பார் காத்திருக்குமா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தாள். புரோகிதர் அடுத்த இரண்டு கல்யாணத்தையும் போனிலேயே நடத்தப் பார்த்தார்; அங்கேயும் ஹோமத்தை அணைத்திருந்தார்கள். அத்தை முகமூடியோடு ஒரு ஓரத்தில் படுத்திருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மார்பு ஏறி இறங்குவதை எண்ணியபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா மெதுவாக வந்து பக்கத்தில் குந்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு நீ சொல்லும்போது நான் ரசம் கேட்டேன்ல? அந்த மிச்சத்தை இப்ப சொல்லும்மா."

"போற எடத்துல பொங்கும்னு சொல்ல வந்தேன் மாமா."

"அதை மொதல்ல சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது ஓசோனால் மட்டும் இல்லை என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. அடுப்பு அணைந்தால் பொங்கல் அடங்கித்தானே ஆக வேண்டும். மூக்கு மெல்லச் சிவப்பு மாறிப் பச்சைக்கு வந்தது. இந்த முறை நிஜப் பச்சை. புரோகிதர் துள்ளி எழுந்தார்.

"கோதூளி லக்னம்! அந்திப் பொழுதுக்குத் தோஷமே கிடையாது. வாங்கோ, வாங்கோ!"

ஊரிலிருந்த எல்லாப் புரோகிதர்களுக்கும் அதே யோசனை. எல்லா மண்டபங்களும் ஒரே நேரத்தில் சீரியல் விளக்கையும், சிவப்பில் அணைத்து வைத்திருந்த ஏசியையும் போட்டன. நாங்கள் மணையில் உட்கார்ந்து ஹோமத்தை ஏற்றியதும் சென்னையின் பாதிக்குக் கரண்ட்டு போனது.

"கவலைப்படாதீங்க, அவசரத்துக்குத்தானே வெச்சிருக்கேன்!" என்று மாமா மார்தட்டிக்கொண்டு ஓடினார். இருட்டில் ஜெனரேட்டரைக் குலுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமனார் ஓடினார். பிறகு மேனேஜர். காலையிலிருந்து மூக்குக்குப் புகை காட்டியதில் மூன்றிலும் ஒரு சொட்டு டீசல் மிச்சமில்லை.

ஹோமத் தீயைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அக்கினி சாட்சி என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அக்கினியைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நன்மாறன் தாலியை எடுத்தான். புரோகிதர் விரலை உயர்த்தினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஒரு சத்தமும் இல்லை. மேளம் பதிவு செய்த மேளம். ஒலிபெருக்கிக்கும் கரண்ட்டு வேண்டுமே. தாலி கட்டும் நேரத்தில் தும்மல், இருமல் காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளமே வைத்தார்கள். அந்த மௌனத்தில் ஊர்ப்பட்ட இருமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியது. அம்மா விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது மணைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்த அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முகமூடியைக் கழற்றினார். "வேணாம் அத்தை," என்றேன். கேட்கவில்லை. சரட்டோடு தொங்கிய விசிலை வாயில் வைத்தார்.

முதலில் புஸ்ஸென்று வெறும் காற்று. நின்று, அந்திக் காற்றை நிதானமாக உள்ளே இழுத்தார். மறுபடி ஊதினார்.

பீ...ப்!

மண்டபம் அதிர்ந்தது. இருமல்கள் அப்படியே நின்றன. மாமனார் ஓடிவந்த இடத்தில் சிலையானார். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த புரோகிதர் வாயைத் திறந்தபடி நின்றார். அந்த விசிலுக்கு அடங்கியே வளர்ந்த நன்மாறனின் கையும் தாலியோடு என் கழுத்தருகே அப்படியே நின்றுவிட்டது.

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே இடது கையால் எல்லோரையும் அமர்த்தி, வலது கையால் அவனுக்கு வழி காட்டினார்.

"உனக்கு இல்லடா நிக்கச் சொன்னது. நீ கட்டு."

கட்டினான். மூன்றாவது முடிச்சுக்கு அத்தை இன்னொரு தடவை ஊதினார்.